ஐயத்தையும் மொழிபெயர்த்திடுக!

2025ஆம் ஆண்டைக் குவாண்டம் விஞ்ஞானத்தின் அனைத்துலக ஆண்டென்று ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. மேடைகள் எழுந்தன, மலர்கள் வெளிவந்தன, சொற்பொழிவுகள் முழங்கின. நூறாண்டுகளுக்கு முன்னர், 1925 ஜூலைத் திங்களில், வெர்னர் ஹைசன்பர்க் என்னும் இருபத்து மூன்று வயது இளைஞர் எழுதியனுப்பிய ஒரு கட்டுரையே அந்த விழாவுக்கு வித்து. விழா எடுத்தோரைப் பாராட்டுகிறோம். பாராட்டிவிட்டு ஒன்று கேட்கிறோம்: விழா எடுத்தவருள்ளும் விழாக் கண்டவருள்ளும் அக்கட்டுரையைக் கையிலெடுத்துப் படித்தவர் எத்தனை பேர்?

படிக்கப்படாமலே போற்றப்படும் ஏடு, எத்துணை அறிவு நிறைந்ததாயினும், நாளடைவில் வேதமாகிவிடும். ‘பெரியவர் சொன்னார், ஆகவே உண்மை’ என்ற பேச்சு கோயில் மண்டபத்தில் எழுந்தாலும் குற்றந்தான். கல்லூரி வகுப்பறையில் எழுந்தாலும் குற்றந்தான். வகுப்பறையில் எழுவது இன்னும் கொடிது. ஐயுறுவதற்கென்றே எழுப்பப்பட்ட இடம் அது. அங்கே மனப்பாடம் அரியணை ஏறினால், பகுத்தறிவு வேறெங்கே போய் நிற்கும்?

ஆகவேதான், குவாண்டம் இயலின் மூலக்கட்டுரைகளை மாணவர் படிக்கத்தக்க வகையில் மொழிபெயர்த்துத் தந்தவர்களின் பணியைப் பெரும்பணி என்கிறோம். 1900 முதல் 1927 வரை இவ்வியலின் அடித்தளத்தை அமைத்த கட்டுரைகளிற் பெரும்பாலானவை ஜெர்மன் மொழியில் எழுதப்பட்டவை. அவை ஆங்கிலத்துக்கு வந்தன. ஆங்கிலத்தின் வழியாகவே உலகின் பல மொழிகளுக்கும், நம் மொழிக்கும், அவற்றின் கருத்துகள் வந்து சேர்ந்தன. இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளன் எதைத் தந்தான், எதைத் தவறவிட்டான், எதைத் தன் கையிலிருந்து சேர்த்தான் என்று பார்ப்பது பண்டிதர்க்கு மட்டும் உரிய பொழுதுபோக்கன்று. அவன் தவறவிட்டது நம் பிள்ளைகளின் பாடத்திலும் தவறுகிறது. அவன் சேர்த்தது நம் பிள்ளைகளின் மூளையிலும் சேர்கிறது.

முதலிற் கிடைத்த செல்வத்தைக் கணக்கிடுவோம். 1928இலேயே ஷ்ரோடிங்கரின் அலை இயக்கவியல் கட்டுரைகள் ஆங்கிலத்தில் நூலாயின. 1965இல் ஆரன்ஸ், பெப்பார்ட் என்னும் இருவர், ஐன்ஸ்டைன் 1905இல் ஒளியைப் பற்றி எழுதிய கட்டுரையை அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களின் ஏட்டில் பெயர்த்து வெளியிட்டனர். 1967ஆம் ஆண்டு நல்ல விளைச்சல் கண்ட ஆண்டு: டெர் ஹார் பழைய குவாண்டம் கொள்கையின் மூலங்களை மாணவர்க்கான வாசக வரிசையிலே தந்தார், வான் டெர் வேர்டன் என்னும் கணிதப் பேரறிஞர் 1925ஐச் சுற்றியெழுந்த பதினேழு கட்டுரைகளைத் தொகுத்து, நீண்ட முன்னுரையுடன் தந்தார். 1980இல் டிரிம்மர் ஷ்ரோடிங்கரின் பூனைக் கட்டுரையைப் பெயர்த்தார். 1983இல் வீலரும் சூரெக்கும் வெளியிட்ட பெருந்தொகுப்பில் ஹைசன்பர்க்கின் 1927ஆம் ஆண்டுக் கட்டுரை இடம்பெற்றது.

இவர்கள் உழைப்புக்கு வணக்கம். ஆனால் வணக்கம் செலுத்தியதும் வாய்மூடி நிற்பது நம் வழக்கமில்லை. இப்பணியை எந்த உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது? சமன்பாடுகள் பிழையின்றி வந்தனவா என்பது ஒரு கல். அதில் இவை பெரும்பாலும் தேறிவிடும். நாம் எடுப்பது வேறொரு கல்: எழுதியவனுடைய ஐயம் மொழிபெயர்ப்பில் வந்து சேர்ந்ததா?

பிளாங்க் சொன்ன ஒரு வாக்கியம்

1900 டிசம்பர் 14. பெர்லின் நகரில் ஜெர்மன் இயற்பியல் கழகத்தின் கூட்டம். நாற்பத்திரண்டு வயதுடைய மாக்ஸ் பிளாங்க் எழுந்து, சூடேறிய பொருள் உமிழும் ஒளியில் எந்த நிறத்துக்கு எவ்வளவு ஆற்றல் என்னும் கணக்கை விளக்குகிறார். ஆற்றலைச் சமமான சிறுசிறு கூறுகளாகப் பிரித்து எண்ணுகிறார். அந்த நாளே குவாண்டம் பிறந்த நாள் என்று பாடநூல் சொல்கிறது. ‘ஆற்றல் துண்டு துண்டாகத்தான் வரும் என்று பிளாங்க் கண்டுபிடித்தார்’ என்று மாணவன் எழுதுகிறான், மதிப்பெண் பெறுகிறான்.

மூலத்தைத் திறந்து பாருங்கள். மொத்த ஆற்றலை ஒரு கூறின் அளவால் வகுத்தால் எத்தனை கூறுகள் என்பது கிடைக்கும் என்கிறார் பிளாங்க். உடனே, வகுத்து வரும் ஈவு முழு எண்ணாக அமையாவிட்டால், அதற்கு அருகிலுள்ள ஒரு முழு எண்ணை எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிவிடுகிறார்!

இந்தச் சிறு வாக்கியத்தின் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆற்றல் முழுத் துண்டுகளாகத்தான் இயற்கையிலே இருக்கிறது என்று உறுதியாக நம்பிய ஒருவன், ஈவு பின்னமாக வரலாம் என்று எப்படிச் சொல்வான்? அரிசியைப் படியால் அளப்பவன் அரைப்படி மிஞ்சலாம் என்பான். ஆடுகளை எண்ணுபவன் அரை ஆடு மிஞ்சலாம் என்பானா? பிளாங்க் அந்நாளில் எண்ணியது ஆடுகளையா, அளந்தது அரிசியையா? 1978இல் தாமஸ் கூன் என்னும் வரலாற்றாசிரியர் இந்தக் கேள்விக்காகவே ஒரு முழு நூல் எழுதினார். தாம் செய்ததன் முழுப் பொருளைப் பிளாங்க் அன்று கருதவில்லை என்பது அவர் முடிவு. அதை மறுப்போரும் உண்டு. பிளாங்க்கே 1931இல் எழுதிய கடிதமொன்றில், அது வேறு வழியின்றித் துணிந்து செய்த செயல் என்று குறித்தார்.

டெர் ஹார் தந்த மொழிபெயர்ப்பில் அந்த வாக்கியம் இருக்கிறது. அதற்காக அவரைப் போற்றுகிறோம். ஆனால் அந்த மொழிபெயர்ப்பிலிருந்து சுருக்கம் எடுத்தவர்களும், சுருக்கத்திலிருந்து பாடம் எடுத்தவர்களும் அதைப் பதராகக் கருதித் தூற்றிவிட்டனர். உண்மையில் அதுதான் விதைநெல். அந்த வாக்கியத்தைப் படித்த மாணவன் கையுயர்த்திக் கேள்வி கேட்பான். படிக்காதவன் தலையசைத்து எழுதிக்கொள்வான்.

தலைப்பிலே இருந்த தயக்கம்

ஐன்ஸ்டைனிடம் வருவோம். 1905 மார்ச்சுத் திங்களில், பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய இருபத்தாறு வயது இளைஞர் ஒரு கட்டுரை அனுப்புகிறார். ஒளியின் பிறப்பையும் மாற்றத்தையும் பற்றிய கட்டுரை அது. அதன் தலைப்பிலேயே ‘ஹொய்ரிஸ்டிஷ்’ என்ற சொல்லை வைத்தார். தேடிச் செல்வதற்குத் துணையாகும், ஆனால் இன்னும் மெய்ப்பிக்கப்படாத நோக்கு என்பது அதன் கருத்து. ‘இதோ உண்மை’ என்று பறை அறையாமல், ‘இப்படிப் பார்த்தால் வழி தெரிகிறது, பாருங்கள்’ என்று அழைக்கும் சொல் அது.

நம் வகுப்பறைகளில் அக்கட்டுரை எவ்வாறு பேசப்படுகிறது? ‘ஒளிமின் விளைவை விளக்க ஐன்ஸ்டைன் எழுதியது’ என்று. மூலத்திலோ ஒன்பது பகுதிகள் உள்ளன. ஒளிமின் விளைவு எட்டாம் பகுதியில்தான் வருகிறது. அதற்கு முன்னர் அவர் செய்வது, அடர்த்தி குறைந்த ஒளிக்கதிர்வீச்சு ஒரு வளிமத்தைப் போல நடந்துகொள்கிறது என்று கணக்கிட்டுக் காட்டுவது. வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பிளாங்க்கின் பெயரால் வழங்கும் மாறிலியை இன்று நாம் எழுதும் எழுத்தால் அவர் எழுதவுமில்லை. வளிம மாறிலி, ஒரு மோல் பொருளிலுள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை, கதிர்வீச்சு விதியில் வரும் இன்னொரு மாறிலி ஆகிய மூன்றையும் சேர்த்து எழுதினார்.

‘போட்டான்’ என்ற சொல்லும் அக்கட்டுரையில் இல்லை. அச்சொல்லைக் கில்பர்ட் லூயிஸ் 1926இல் வழங்கினார். அதுவும் இன்றுள்ள பொருளிலன்று, வேறொரு பொருளில். அவ்வாறிருக்க, ஆரன்சும் பெப்பார்டும் தம் மொழிபெயர்ப்புக்கு இட்ட தலைப்பு, ‘போட்டான் கருத்தை ஐன்ஸ்டைன் முன்மொழிந்தது’ என்ற பொருள்படும் தலைப்பு! உள்ளே மூலத்தை நேர்மையுடன் தந்தவர்கள், வாயிலில் பிற்காலப் பெயர்ப்பலகையை மாட்டிவிட்டார்கள். ஐன்ஸ்டைன் தயங்கித் தயங்கி ஏறிய படிக்கட்டை மறைத்து, அவர் மாடியிலேயே பிறந்தவர் என்று காட்டும் பலகை அது.

இதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். சொல்கிறோம். 1916இல் மில்லிகன் என்னும் அமெரிக்க அறிஞர், ஆண்டுகள் பல உழைத்து, ஐன்ஸ்டைனின் ஒளிமின் சமன்பாடு சரியே என்று ஆய்வால் காட்டினார். காட்டிய பிறகும் அதன் பின்னிருந்த ஒளித்துகள் கருத்தை ஏற்க மறுத்தார். படிக்கட்டை மறைத்த வகுப்பறையிலே மில்லிகன் பிடிவாதக்காரராகவும் மூடராகவும் தோன்றுவார். மூலத்தைப் படித்த மாணவனுக்கோ, அன்று ஐயுறுவதற்கு நல்ல காரணங்கள் இருந்தன என்பதும், சான்று வந்து குவிந்த பிறகே உலகம் ஏற்றது என்பதும் விளங்கும். அறிவு எவ்வாறு வெல்கிறது என்ற பாடத்தை இழந்துவிட்டு, எது வென்றது என்ற செய்தியை மட்டும் சொல்லிக்கொடுப்பது கல்வியாகுமா?

ஒரு சொல்லுக்குள் ஒரு போர்

இப்போது ஹைசன்பர்க்கின் 1927ஆம் ஆண்டுக் கட்டுரை. துகளின் இருப்பிடத்தை எவ்வளவு துல்லியமாக அறிகிறோமோ, அவ்வளவுக்கு அதன் உந்தத்தைப் பற்றிய துல்லியம் குறையும் என்ற புகழ்பெற்ற கருத்தின் பிறப்பிடம் அது. அதன் தலைப்பில் ‘அன்ஷௌலிஷ்’ என்றொரு சொல் உண்டு. பார்த்தல் என்னும் வினையடியாகப் பிறந்த சொல். கண்முன் நிறுத்திக் காணத்தக்க, உள்ளத்தால் பற்றிக்கொள்ளத்தக்க என்று விரியும்.

1983ஆம் ஆண்டிலே இக்கட்டுரைக்கு இரண்டு ஆங்கில வடிவங்கள் வெளிவந்தன. வீலர்-சூரெக் தொகுப்பு அச்சொல்லைப் ‘பௌதிக’ என்ற பொருள்பட வைத்தது. நாசா நிறுவனம் வெளியிட்ட பெயர்ப்போ ‘உண்மையான’ என்ற பொருள்பட வைத்தது. ஒரே ஆண்டு, ஒரே மூலம், ஒரே சொல். இரண்டு ஆங்கிலங்கள், இரண்டிலும் பார்வை என்ற பொருள் இல்லை!

அச்சொல் அங்கே அழகுக்காக இருக்கவில்லை. ஓராண்டுக்கு முன்னர், 1926இல், ஷ்ரோடிங்கர் ஹைசன்பர்க்கின் முறையைத் தாக்கியிருந்தார். அதில் கண்முன் நிறுத்திக் காணத்தக்கது எதுவுமில்லை, அதன் இயற்கணிதம் தம்மை அஞ்சி விலகச் செய்தது என்பது அவர் குற்றச்சாட்டு. அந்தக் குற்றச்சாட்டுக்கு விடையாகவே ஹைசன்பர்க் அச்சொல்லைத் தம் தலைப்பில் ஏற்றினார். முதல் வாக்கியத்திலேயே அதற்குப் புதிய பொருளும் வகுத்தார்: எளிய நிலைகளில் ஒரு கொள்கையின் ஆய்வு விளைவுகளை எண்ணிப் பார்க்க முடிந்து, அதில் முரண்பாடு இல்லையென்றும் கண்டால், அதுவே அக்கொள்கையைக் கண்முன் கண்டதாகும் என்றார். எதிரியின் வாளைப் பறித்து, உறையை மாற்றித் தம் இடையிலே செருகிக்கொண்டார்! ‘பௌதிக’ என்று பெயர்த்ததும் வாளும் மறைந்தது, போரும் மறைந்தது. மாணவன் கையில் மிஞ்சியது ஒரு தலைப்பு; இழந்தது ஒரு வாதம்.

அடுத்து, அந்தக் கருத்தின் பெயர். ஹைசன்பர்க் கட்டுரையின் உடற்பகுதியில் மிகுதியாக ஆண்டது ‘துல்லியமின்மை’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல். ‘வரையறுபடாமை’ என்று பொருள்படும் சொல்லையும் ஆண்டார். பிற்காலத்தில் அதையே விரும்பினார். ‘உறுதியின்மை’ என்று பொருள்படும் மூன்றாம் சொல்லோ இறுதியில் வரும் பின்குறிப்பில்தான் தலைகாட்டுகிறது. ஆயினும் 1930இல் அவருடைய சிக்காகோ சொற்பொழிவுகளை எக்கார்ட்டும் ஹாய்ட்டும் ஆங்கிலத்தில் நூலாக்கியபோது, உறுதியின்மையைக் குறிக்கும் சொல்லே அரியணை ஏறிற்று. ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட அச்சொல்லின் வழியேதான் நம் பாடநூல்களில் ‘நிச்சயமற்ற தன்மைக் கோட்பாடு’ என்ற பெயரும் வந்து அமர்ந்தது.

மூன்று சொற்களும் ஒன்றல்ல. துல்லியமின்மை அளப்பதைப் பற்றியது. உறுதியின்மை அறிபவனைப் பற்றியது: பொருளுக்கு ஒரு நிலை இருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று அது சொல்லாமற் சொல்லும். வரையறுபடாமை பொருளையே பற்றியது: தெரிந்துகொள்ள அங்கே அறுதியான நிலையே இல்லை என்பது. இம்மூன்றினுள் எது சரி? 1927இல் அது தீராத கேள்வி. எழுதியவரே சொல்லுக்குச் சொல் மாறி நின்றதற்குக் காரணம் அவர் உள்ளத்திலும் அது தீராதிருந்தமையே என்று கருதுகிறோம். ஆசிரியன் திறந்து வைத்த கதவை அடைக்க மொழிபெயர்ப்பாளனுக்கு யார் உரிமை தந்தார்கள்?

பின்குறிப்பும் விடுபட்ட இயலும்

மின்னணுவைக் காமாக் கதிர் நுண்ணோக்கியால் காண முயலும் கற்பனை ஆய்வு இக்கட்டுரையில் வருகிறது. கதிர் மோதுகிறது, மின்னணு அதிர்ந்து விலகுகிறது, ஆகவே உந்தம் தெரியவில்லை என்று பாடம் முடிந்துவிடும். ஆனால் மூலம் அங்கே முடியவில்லை. அச்சுப்படி திருத்தும் வேளையில் ஹைசன்பர்க் ஒரு பின்குறிப்பைச் சேர்த்தார். தாம் சில இன்றியமையாத செய்திகளைக் கவனியாது விட்டதை நீல்ஸ் போர் சுட்டிக்காட்டினார் என்று அதில் ஒப்புக்கொண்டார். மோதல் என்பது மட்டும் போதாது. சிதறிய கதிர் நுண்ணோக்கியின் வில்லைக்குள் எந்தத் திசையில் நுழைந்தது என்று அறிய முடியாமையே கணக்கின் திறவுகோல். ஒளியின் அலைத்தன்மையும் துகள்தன்மையும் அங்கே ஒருங்கே வேலை செய்கின்றன.

இருபத்தைந்து வயதில் உலகப்புகழ் பெறப்போகும் கட்டுரையின் வாலிலே, ‘என் விளக்கத்தில் குறை இருந்தது’ என்று எழுதியவனின் நேர்மை எத்தகையது! எந்தப் புராணத்திலாவது முனிவன் தன் சாபத்துக்குத் திருத்தம் வெளியிட்டதுண்டா? விஞ்ஞானத்துக்கும் வேதத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆயிரம் மேடைகளில் விளக்குவதைவிட, அந்தப் பின்குறிப்பை ஒரு மாணவனுக்குப் படித்துக் காட்டுவது போதும். பாடநூலார் முதலில் வெட்டுவதோ அந்தப் பின்குறிப்பைத்தான்.

வான் டெர் வேர்டனின் தொகுப்பும் இக்குறைக்கு விலக்கன்று. 1925இல் போர்னும் யோர்டானும் எழுதிய கட்டுரையின் முதல் மூன்று இயல்களையே அவர் தந்தார். மின்காந்தப் புலத்துக்குப் புதிய முறையை விரித்துச் சென்ற நான்காம் இயலை விட்டுவிட்டார். பின்னாளில் பெருமரமாய் வளர்ந்த குவாண்டம் புலக்கொள்கையின் முளைகளில் ஒன்று அந்த இயலில் இருந்தது. அத்தொகுப்பில் ஷ்ரோடிங்கரின் அலை இயக்கவியலுக்கும் இடமில்லை. ஒரு நூலுக்குள் அனைத்தும் அடங்காது என்பது நியாயமே. ஆனால் இத்தொகுப்பையே முழுக்கதை என்று நம்பிப் படிக்கும் மாணவன், ஒரு கட்சியின் வாதத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதும் நீதிபதி ஆகிறான்.

இருளில் கடை விரிப்போர்

மூலம் மறைந்த இடத்தில் யார் வந்து அமர்கிறார்கள் என்று பாருங்கள், தோழர்களே! ‘காண்பவனின் உள்ளமே உலகைப் படைக்கிறது என்று குவாண்டம் சொல்லிவிட்டது, எங்கள் முன்னோர் அன்றே சொன்னார்கள்’ என்று முழங்குவோர் வந்து அமர்கிறார்கள். ‘நிச்சயமில்லை என்று விஞ்ஞானமே ஒப்புக்கொண்டது, ஆகவே எதையும் நம்பலாம்’ என்போர் வந்து அமர்கிறார்கள். குவாண்டம் என்ற பெயரைத் தாயத்தில் எழுதி விற்போரும் வந்து அமர்கிறார்கள்.

அவர்கள் பற்றிக்கொள்ளும் கயிறு ஒன்று மூலத்தில் உண்டு என்பதையும் மறைக்க மாட்டோம். மின்னணுவின் பாதை, நாம் அதை நோக்குவதால்தான் உண்டாகிறது என்ற பொருள்பட ஹைசன்பர்க் எழுதினார். தனியே பிய்த்தெடுத்தால் அது மந்திரம்போல் ஒலிக்கும். ஆனால் அவ்விடத்தில் அவர் பேசுவது என்ன? அணுவுக்குள் இருக்கும் மின்னணுவைக் காண வேண்டுமானால் அதன் சுற்றுப்பாதையினும் குறைந்த அலைநீளமுள்ள ஒளி வேண்டும். அத்தகைய ஒளியின் ஒரே துகள் மோதினாலும் மின்னணு பாதையை விட்டே எறியப்படும். ஆகவே பாதையின் ஒரு புள்ளிக்கு மேல் காணவியலாது. அங்கே பேசப்படுவது ஒளி, அலைநீளம், மோதல். ஆன்மாவும் இல்லை, அகக்கண்ணும் இல்லை. ‘நோக்குதல்’ என்ற சொல் அங்கே ஆய்வுக்கருவியின் வேலையைக் குறிக்கிறது. முழுக் கட்டுரையையும் நல்ல மொழிபெயர்ப்பில் படித்தவனிடம் இந்த வாணிபம் செல்லாது.

ஷ்ரோடிங்கரின் பூனைக்கும் இதே கதி. ஒரே நேரத்தில் உயிரோடும் பிணமாகவும் இருக்கும் பூனை உண்டென்று அவர் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. 1935இல் அவர் எழுதிய நெடுங்கட்டுரையில் பூனைக்குக் கிடைத்த இடம் ஒரு பத்தி. அதையும் அவர் நகைப்புக்கிடமான எடுத்துக்காட்டு என்று சொல்லித்தான் தொடங்கினார். கொள்கையை அப்படியே பெரும்பொருள்களுக்கு விரித்தால் எத்தகைய கோமாளித்தனம் விளையும் பாருங்கள் என்பது அவர் நோக்கம். டிரிம்மரின் பெயர்ப்பில் அந்த நகைப்பு இருக்கிறது. அதைப் படியாதவர்கள் கேலியை வேதவாக்காக்கிவிட்டார்கள்!

ஆசிரியர் இருவர்

‘பழைய கட்டுரைகளைப் பெயர்த்துப் படிப்பதால் புதிதாக என்ன விளையும்?’ என்று கேட்போர்க்குக் கல்கத்தாவும் டாக்காவும் விடை தரும்.

மேகநாத சாகா, சத்தியேந்திரநாத் போஸ் என்னும் இளைஞர் இருவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் இருந்தனர். சாகா சிறுகடைக்காரர் ஒருவரின் மகன். மாணவராய் இருந்த நாளில், சாதியின் பெயரால் விடுதியிலே ஒதுக்கி வைக்கப்பட்ட கொடுமையைக் கண்டவர். ஐன்ஸ்டைன், மிங்கோவ்ஸ்கி ஆகியோரின் சார்புக்கொள்கைக் கட்டுரைகளை இவ்விருவரும் ஜெர்மனிலிருந்து ஆங்கிலமாக்கினர். மகலனோபிஸ் எழுதிய வரலாற்று முன்னுரையுடன் 1920இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் அதை நூலாக வெளியிட்டது.

அதன் பின்னர் போஸ் டாக்காவுக்குச் சென்றார். அங்கே பிளாங்க்கின் விதியைப் பாடஞ்சொல்லும்போது அவர் உள்ளத்தை ஒரு முள் உறுத்திற்று. பிளாங்க்கும் பிறரும் தந்த எல்லா நிறுவல்களும், எந்தப் பழைய இயற்பியலை மறுக்க எழுந்தனவோ, அதிலிருந்தே ஒரு பகுதியைக் கடன் வாங்கியிருந்தன. கடன் வாங்காமல் நிறுவ முடியாதா? முடியும் என்று கண்டார். 1924 ஜூன் 4ஆம் நாள் தம் கட்டுரையை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். அதை ஜெர்மனில் பெயர்க்கத் தமக்குப் போதிய ஜெர்மன் தெரியாது என்று கடிதத்தில் எழுதினார். சார்புக்கொள்கைக் கட்டுரையை முன்பு பெயர்த்தவர் தாமே என்றும் நினைவூட்டினார். ஐன்ஸ்டைன் தம் கையாலேயே அதை ஜெர்மனில் பெயர்த்து, அது முக்கியமான முன்னேற்றம் என்ற குறிப்பும் சேர்த்து வெளியிட்டார்.

1920இல் ஐன்ஸ்டைனைப் போஸ் பெயர்த்தார். 1924இல் போசை ஐன்ஸ்டைன் பெயர்த்தார். முன்னோர் எழுதியதை வேதமென வணங்கியிருந்தால் போசுக்கு அந்த முள் உறுத்தியிராது. மூலத்தை எழுத்தெண்ணிப் படித்ததால் உறுத்திற்று. உறுத்தியதால் புள்ளியியலில் ஒரு புதிய வழி பிறந்தது.

இன்னொன்றும் குறிக்கத் தக்கது. போசின் இரண்டாம் கட்டுரையையும் ஐன்ஸ்டைன் பெயர்த்தார். அதன் கருத்து அவருக்கு உடன்பாடில்லை. கட்டுரையைப் பெயர்த்து வெளியிட்டு, கீழே தம் மறுப்பைத் தம் பெயரால் எழுதினார். மூலம் மூலமாக நிற்க, மறுப்பு மறுப்பாக நிற்கும் இந்த முறையே மொழிபெயர்ப்பாளனுக்கு இலக்கணம் என்போம்.

போசின் முதற்கட்டுரையை இன்று ஆங்கிலத்தில் படிப்பவர் படிப்பது, ஜெர்மனிலிருந்து மீண்டும் ஆங்கிலத்துக்கு வந்த வடிவத்தை. ஆங்கிலத்தில் எழுதியவனின் சொல்லை அயல்மொழி வழியே திரும்பப் பெறுகிறோம்! மொழிபெயர்ப்பாளன் கையில் எவ்வளவு பெரிய பொறுப்பு இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. இதை உணர்ந்தவர் போஸ். அதனால்தான் 1948இல் வங்காளத்தில் அறிவியல் கழகம் கண்டு, தாய்மொழியில் விஞ்ஞானம் பரப்ப ஏடும் நடத்தினார்.

எதிர்வாதமும் நம் வேண்டுகோளும்

‘பாடத்திட்டமே பெரிது, நேரம் ஏது? மூலக்கட்டுரைகள் கடினமானவை, பழைய குறியீடுகள் மாணவனைக் குழப்பும்’ என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஹைசன்பர்க்கின் 1925ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் எடுத்த கணக்கு முடிவுகளுக்கான காரணம் தமக்கு விளங்கவில்லை என்று நோபல் பரிசு பெற்ற ஸ்டீவன் வைன்பர்க்கே எழுதியிருக்கிறார். ஆனால் அதற்கு மருந்தும் பிறந்தது: 2004இல் அறிஞர் மூவர், அக்கட்டுரையில் விடுபட்ட கணக்குப் படிகளை ஒவ்வொன்றாக நிரப்பி, ஆசிரியர்களின் ஏட்டில் விளக்கம் எழுதினர். கடினம் என்பது துணை நூல் எழுதக் காரணமாகலாம். மூலத்தைப் பூட்டி வைக்கக் காரணமாகாது. பாடநூலை எறிந்துவிடச் சொல்லவில்லை நாம். பாடநூலின் பக்கத்திலே ஒரு மூலக்கட்டுரை, ஆண்டுக்கு ஒன்றேனும் இருக்கட்டும் என்கிறோம். ஐன்ஸ்டைனின் தொகுப்பு நூல்களை 2014 முதல் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆங்கில வடிவமும் உடனிருக்கிறது. பூட்டு திறந்தே கிடக்கிறது. நுழைய வேண்டியவர் நாம்.

நுழைந்து, அவற்றைத் தமிழில் பெயர்க்க முன்வரும் இளைஞர்களுக்குச் சில சொல்வோம். தலைப்பிலிருந்து பின்குறிப்பு வரை முழுமையாகத் தருக. வெட்ட நேர்ந்தால், வெட்டிய இடத்தைச் சொல்லிவிடுக. பிற்காலத்துப் பெயர்களை முற்காலத்து ஆசிரியனின் வாயில் திணிக்காதிருக்க. உயிர்நாடியான சொல் வருமிடத்தில், மூலச்சொல் இன்னது, அதன் பொருட்சாயல்கள் இவை, நாம் தேர்ந்தது இது, தேர்ந்த காரணம் இது என்று அடிக்குறிப்பில் சொல்லுக. ஆங்கிலத்தின் வழியே பெயர்ப்பதாயின் ஜெர்மன் அறிந்த ஒருவரிடம் ஒப்பிட்டுப் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பாதிருக்க. இவை அனைத்துக்கும் மேலாக, எழுதியவன் தயங்கிய இடத்தில் நீங்களும் தயங்குக. அவன் ‘போலும்’ என்றால் நீங்கள் ‘ஆகும்’ என்று எழுதாதீர்கள். அவன் கேள்வியிட்ட இடத்தில் முற்றுப்புள்ளி வைக்காதீர்கள்.

ஆசானின் முடிவுகளை மட்டும் பெற்றுக்கொண்ட மாணவன் அவருக்குச் சீடனாவான். அவருடைய ஐயங்களையும் பெற்றுக்கொண்டவன் அவரைத் தாண்டிச் செல்வான். நமக்குச் சீடர் கூட்டம் வேண்டாம். அது இந்நாட்டில் ஏராளம். தாண்டிச் செல்லும் கூட்டம் வேண்டும். அதற்காகக் கேட்கிறோம்: சமன்பாட்டை மொழிபெயர்த்தீர்கள், நன்றி, இனி, ஐயத்தையும் மொழிபெயர்த்திடுக!